பச்சை பெல்ட் வீரபாகு

மேற்கு மலைச் சோலை ஒன்றில், உயர்ந்த மரமொன்றின் பொந்துக்குள் வடிவு என்ற இருவாட்சிப் பறவை முட்டையிடப் புகுந்தாள். மண்ணையும் மரத்தூளையும் எச்சத்தையும் குழைத்து, உள்ளிருந்தபடியே வாசலைப் பூசி அடைத்தாள். அலகின் நுனி வெளியே நீளும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விட்டாள்.

இருவாட்சிகளின் குல வழக்கம் அது. உள்ளே போன பெண்ணுக்குச் சிறகுத் தூவல்கள் உதிர்ந்துவிடும். புதியவை முளைக்கும்வரை அவளால் பறக்க முடியாது. அத்தனை நாளும் ஆண் பறவைதான் அத்திப் பழங்களைத் தொண்டையில் அடைத்துக்கொண்டு வந்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, அந்தக் கீற்று வழியே ஊட்ட வேண்டும். கணவனை இவ்வளவு தூரம் நம்பிக் கதவைப் பூசிக்கொள்ளும் துணிச்சல் மற்ற பறவைகளில் அநேகமாக எதற்கும் வரவில்லை. அவை யோசித்துத்தான் அப்படி முடிவு செய்திருக்க வேண்டும்.

வடிவின் கணவன் பெயர் வீரபாகு. நல்லவன். குடி கிடையாது, வம்பு கிடையாது. கராத்தே மட்டும் உண்டு.

போன ஆண்டு அடுத்த மரத்துப் பொந்தில் மரநாய் புகுந்து ஒரு குஞ்சைத் தூக்கிப் போய்விட்டது. அன்றைக்கே வீரபாகு சபதம் செய்தான். "என் குடும்பத்து மேல ஒரு பய கை வைக்கக் கூடாது! நான் கராத்தே கத்துக்கப் போறேன்!"

பாறை மேட்டில் கரடி கருப்பையா கராத்தே வகுப்பு நடத்திவந்தார். அவரால் இரண்டு காலில் நிற்க முடியும். காட்டில் அந்தத் தகுதி போதுமானதாக இருந்தது. காலையில் ஒரு வகுப்பு, மாலையில் ஒரு வகுப்பு. மாஸ்டர் எது சொன்னாலும் "ஓஸ்!" என்று கத்த வேண்டும். வணக்கம், புரிந்தது, சம்மதம், வலிக்கிறது எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்தான். வெள்ளை, மஞ்சள், பச்சை, பழுப்பு, கறுப்பு என்று சாயம் தோய்த்த கொடிகள்தான் பெல்ட். பறவைக்கு இடுப்பு என்று தனியாக ஒன்று இல்லாததால், வீரபாகு தன் பெல்ட்டைக் கழுத்தில் கட்டிக்கொண்டான்.

முட்டை அடைகாக்கும் காலம் தொடங்கியபோது அவன் பச்சை பெல்ட்டை எட்டியிருந்தான். சிக்கலும் அப்போதுதான் தொடங்கியது.

ஒரு நாள் காலை, வீட்டுக்கென்று பறித்த பழங்களோடு அவன் நேரே வகுப்புக்குப் போனான். குத்துவிடும்போது அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும் என்பது கராத்தே விதி. வீரபாகு அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"யா!"

ஏழு அத்திப் பழங்கள் தொண்டையிலிருந்து பறந்தன. ஆறு பழங்கள் முன்வரிசையில் நின்ற முள்ளம்பன்றி சுடலையின் முட்களில் குத்தி நின்றன. ஏழாவது மாஸ்டரின் மூக்கில் பட்டது.

"ஏ வீரபாகு!" என்று உறுமினார் கருப்பையா. "இது கராத்தே கிளாஸா, பழக்கடையா? இனிமே இங்க வரும்போது தொண்டை காலியா இருக்கணும்!"

"ஓஸ்!"

அன்றிலிருந்து அவன் வெறும் தொண்டையோடு வகுப்புக்குப் போனான். வகுப்பு முடிந்துதான் பழம் தேடுவான். அதற்குள் நல்ல பழங்களைப் பச்சைப்புறாக்கள் தின்று தீர்த்திருக்கும். கிடைத்ததைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மாலை வகுப்புக்குக் கிளம்புவான். இடையில் கிடைக்கும் நேரத்தில் கிளைக்கு உதைவிட்டுப் பழகுவான்.

முட்டை பொரிந்தது. குஞ்சு பிறந்த அன்று வீரபாகு பொந்தின் முன் நின்று, மாஸ்டருக்குக் குனிவதுபோல உடம்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தான்.

"என்னங்க, யாருக்குக் கும்பிடு?" என்றாள் வடிவு உள்ளிருந்து.

"புது மாணவனுக்கு! இறகு முளைச்சதும் வெள்ளை பெல்ட் கட்டிடலாம்!"

"பெல்ட் இருக்கட்டும். அவன் பொறந்ததுலேர்ந்து வாயைத் திறந்தே வச்சிருக்கான். அதுல ஏதாவது போடுங்க."

"போடறேன், போடறேன். சாயங்கால வகுப்பு முடியட்டும்."

"சாயங்காலம்வரைக்கும் இவனுக்கு என்ன சொல்றது?"

"பொறுமைதான் கராத்தேவோட முதல் பாடம்னு சொல்லு."

உள்ளே குஞ்சிடம் ஏதோ முணுமுணுக்கும் சத்தம் கேட்டது. பிறகு வடிவு சொன்னாள்: "சொன்னேன். அவன் என் காலைக் கடிக்கிறான்."

வீரபாகுவுக்கு மனம் சுருங்கியது. ஆனாலும் போனான். பழுப்பு பெல்ட் பரீட்சைக்கு இன்னும் பத்து நாள்தான் இருந்தது. 'இதெல்லாம் யாருக்காக? இவங்களைக் காப்பாத்தத்தானே!' என்று வழி முழுக்கத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அது அவனுக்கு உண்மையாகவே பட்டது.

பரீட்சை நாள் காலை அவன் பழம் எதுவும் கொண்டுவரவில்லை. விடியுமுன்பே பயிற்சி செய்யப் போய்விட்டு, கிளம்புமுன் விடைபெற மட்டும் வந்தான்.

"வடிவு, உச்சி வேளைக்குள்ள முடிஞ்சிடும். பழுப்பு பெல்ட்டோட வர்றேன். அப்புறம் வயிறு முட்ட விருந்து!"

கீற்றில் வடிவின் அலகு நுனி தெரிந்தது. அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவனைப் பயமுறுத்தியது.

"நேத்து சாயங்காலத்துலேர்ந்து குஞ்சு கத்துறதை நிறுத்திட்டான். கத்தத் தெம்பில்ல. பொழுது மலைப் பக்கம் சாயறதுக்குள்ள பழம் வரணும். வரலன்னா, இந்தச் சுவரை உடைச்சுக்கிட்டு நானே தேடப் போவேன்."

"உனக்குச் சிறகே முளைக்கலையே! எப்படிப் பறப்பே?"

"நடந்து போவேன்."

"மரநாய் இருக்குமே!"

"இருக்கும்" என்றாள் வடிவு.

பாறை மேட்டில் மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். பழுப்பு பெல்ட்டுக்கு இரண்டே பேர். முதலில் தேவாங்கு சாத்தப்பன், பிறகு வீரபாகு. கட்டா ஆடிக் காட்ட வேண்டும். எதிரி எதிரே நிற்பதாகப் பாவித்து, தனியாகவே குத்தும் உதையும் தடுப்பும் செய்துகாட்டும் வரிசைக்குக் கட்டா என்று பெயர். இந்தக் கட்டாவில் நாற்பது அசைவுகள். ஒருவர் ஆடும்போது மற்றவர் நகரக் கூடாது. நகர்ந்தால் பரீட்சையில் தோல்வி.

சாத்தப்பன் தொடங்கினான். வலது கையை உயர்த்தினான். அது தோள் உயரத்துக்கு வந்துசேர்வதற்குள் பாறையின் நிழல் ஒரு முழம் நகர்ந்துவிட்டது. தேவாங்குகள் இரவில் நடமாடுபவை, பகலில் தூங்குபவை, விழித்திருக்கும்போதும் அவசரப்படாதவை. பரீட்சையைப் பகலில் வைத்த கருப்பையாவுக்கு இந்த விவரம் தெரிந்திருக்கவில்லை.

உச்சி வேளை வந்தது. போனது.

"அண்ணே," என்று கிசுகிசுத்தான் பக்கத்தில் நின்ற சுடலை. "சாத்தப்பன் தூங்கிட்டானா?"

"இல்லடா. அது பதினெட்டாவது அசைவு."

"கண்ணு மூடியிருக்கே!"

"பதினெட்டாவதுல மூடணும்."

வீரபாகு வானத்தைப் பார்த்தான். சூரியன் மேற்கே சரிந்துகொண்டிருந்தது. பாறை மேல் பழுப்பு பெல்ட் பளபளத்தது. சாத்தப்பன் முடிக்கும்வரை நின்று, தன் கட்டாவையும் ஆடிவிட்டால் அது அவனுடையது. ஒரு வருட உழைப்பு. அவன் நின்றான். வாயைத் திறந்தபடியே சத்தமில்லாமல் கிடக்கும் குஞ்சு அவன் கண்முன் வந்தது. கண்ணை மூடிக்கொண்டான். அப்போதும் வந்தது.

"மாஸ்டர்!" என்றான் சத்தமாக. "நான் வீட்டுக்குப் போகணும்!"

மேடே திடுக்கிட்டது. சாத்தப்பன் மட்டும் திடுக்கிட இன்னும் நேரம் இருந்தது.

"என்ன அவசரம்?" என்றார் கருப்பையா.

"குஞ்சுக்குப் பசிக்குது மாஸ்டர்."

"அதுக்கு அம்மா இருக்காளே! எங்க கரடி வீட்டுல அப்பன் குட்டியைத் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். எனக்கு எத்தனை குட்டின்னு எனக்கே தெரியாது!"

"எங்க வீட்டுல அப்படியில்ல மாஸ்டர். என்னை நம்பி அவ உள்ளேருந்து கதவைப் பூசிக்கிட்டிருக்கா."

"போனா தோல்விதான். அடுத்த பரீட்சை அடுத்த மழைக்கப்புறம்!"

வீரபாகு குனிந்து வணக்கம் வைத்தான். பிறகு, இருவாட்சிகள் பறக்கும்போது சிறகு எழுப்புமே, அந்தப் பெரிய இரைச்சலோடு மேலே எழும்பினான்.

கிடைத்த முதல் அத்தி மரத்தில் தொண்டை பிதுங்கப் பழம் அள்ளினான். வீட்டை நெருங்கும்போது சூரியனின் விளிம்பு மலையைத் தொட்டிருந்தது. டொக், டொக் என்று சத்தம் கேட்டது. பொந்து வாசலில் பாதிச் சுவர் பெயர்ந்து விழுந்திருந்தது. வடிவின் தலையும் கழுத்தும் வெளியே தெரிந்தன. அதற்கு ஒரு கிளை கீழே, வாலைச் சுருட்டிக்கொண்டு, வாசலையே பார்த்தபடி மரநாய் உட்கார்ந்திருந்தது.

வீரபாகு கிளையில் வந்து இறங்கி, ஒற்றைக் காலைத் தூக்கி நின்றான்.

"அடடே, வாங்கண்ணே!" என்றது மரநாய். "இன்னிக்குச் சீக்கிரம் வந்துட்டீங்களே! வகுப்பு இல்லையா?"

"டேய்! நான் யாரு தெரியுமா? பச்சை பெல்ட்!"

"தெரியாம என்ன? விடிஞ்சதும் போவீங்க, வெயில் ஏறினப்புறம் வருவீங்க. வெயில் தாழ்ந்ததும் போவீங்க, இருட்டினப்புறம் வருவீங்க. ஒரு நாள் தவறினதில்ல! இந்தக் காட்டுல இப்படி நேரம் தவறாத அப்பன் வேற யாரும் இல்லண்ணே. அதை நம்பித்தான் நான் இந்த மரத்துப் பக்கமே வந்தேன். அண்ணி சுவரையும் அவங்களே இடிச்சுக்கிட்டிருந்தாங்க. எனக்கு வேலையே இல்ல."

வீரபாகுவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "உதைச்சேன்னா..."

"எதுக்குண்ணே அடிதடி? நீங்க வீட்டுல இருக்கீங்க. அவ்வளவு பெரிய அலகு வேற. எனக்கு இங்க என்ன சோலி?" மரநாய் எழுந்து சோம்பல் முறித்தது. அடுத்த மரத்துக்குத் தாவியது. போய்விட்டது.

ஒரு வருடம் பழகிய உதை, தூக்கிய காலிலேயே நின்றது.

"காலைக் கீழே போடுங்க" என்றாள் வடிவு. "பழம் எங்க?"

அவன் பழங்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். முதல் பழம் குஞ்சுக்குப் போனது. இரண்டாவதும் போனது. ஐந்தாவது பழத்துக்குப் பிறகு உள்ளிருந்து மெல்லிய ஒரு சத்தம் கேட்டது. குஞ்சு மறுபடி கத்தத் தொடங்கியிருந்தான். அதைவிட இனிய சத்தத்தை வீரபாகு அதுவரை கேட்டதில்லை.

"வடிவு, கராத்தேயை விட்டுடறேன்" என்றான் வீரபாகு.

"யாரு விடச் சொன்னா? போன மழையில ஒரு வாரம் வகுப்பு இல்லாம வீட்டுல இருந்தீங்களே, இலை விழுந்தாக்கூட அதோட சண்டைக்குப் போனீங்க. அந்த மாதிரி இன்னொரு வாரம் எனக்கு வேண்டாம். போங்க. ஆனா இவன் வயிறு நிறைஞ்சப்புறம் போங்க. ஒரு வேளை போதும். தினமும் ஒரே நேரத்துல போகாதீங்க. இப்ப கொஞ்சம் மண்ணு கொண்டாங்க, சுவரைப் பூசணும்."

மறுநாள் கருப்பையா பாறையே அதிரும்படி கத்தினார். "ஒரு வேளைதான் வருவியா? அதுவும் எப்ப வருவேன்னு தெரியாதா? இந்த லட்சணத்துல போனா கறுப்பு பெல்ட்டுக்கு உன் ஆயுசு பத்தாது!"

"பத்தாட்டி பரவாயில்ல மாஸ்டர். எங்க நிக்கணும்?" என்று கேட்டுக்கொண்டு வீரபாகு கடைசி வரிசையில் போய் நின்றான்.

குஞ்சு வளர்ந்து, சுவரை உடைத்துக்கொண்டு முதல்முறையாகக் கிளைக்கு வந்த அன்று, வீரபாகு வீட்டில் இருந்தான்.

"அப்பா, கழுத்துல என்ன பச்சையா?" என்று கேட்டான் குஞ்சு.

"பெல்ட். உங்களைக் காப்பாத்தறதுக்காகக் கட்டினது."

"அது எப்படிக் காப்பாத்தும்?"

வீரபாகு யோசித்தான். "அது மட்டும் போதாதுடா. கட்டிக்கிட்டு நான் பக்கத்துல இருக்கணும்" என்றான்.

வீட்டைக் காக்கவென்று கற்கும் வித்தை, வீட்டுக்குரிய நேரத்தைத் தின்றுவிடக் கூடாது.