களாச்செடி கூப்பிட்ட பெயர்

அந்தக் காலத்தில் செடிகொடிகளுக்கும் வாய் இருந்தது. மலையடிவாரக் காட்டில் நின்ற களாச்செடிதான் அவற்றில் பெரிய வாயாடி. அப்போது அதற்கு முள் கிடையாது. காயைக் கிள்ளினால் பால் வடியாது. கறுத்த பழங்களைக் கைநிறைய உருவிக்கொண்டு வரலாம். ஆனால் அதற்கு ஒரு முறை உண்டு. பறிக்க வருகிறவள் செடியிடம் பெயர் சொல்ல வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு கூடை. கிளம்பும்போது, "இன்னார் போறேன்" என்று சொல்லி அந்தப் பெயரைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். வேறெங்கும் 'போறேன்' என்று சொல்லத் துணியாத பெண்களும் அங்கே மட்டும் அப்படித்தான் சொல்வார்கள்.

அடிவாரத்து ஊரில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் இல்லை, ஒரே மகள் மாயக்கா. ஆனி மாதம் மாயக்காவுக்குப் பரிசம் போட மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. அந்த ஊர் வழக்கப்படி, வருகிறவர்களுக்குப் பெண்வீட்டார் களாப் பானகம் கொடுக்க வேண்டும். பழத்தைப் பிசைந்து, கருப்பட்டியும் சுக்கும் தட்டிப் போட்டு, புதுப்பானையில் ஊற்றி ஈரமணலில் புதைத்து வைப்பார்கள். பாதியில் பானகம் தீர்ந்தால் பெண்வீட்டு மானம் போச்சு. சம்பந்தி வீட்டிலோ வண்டி வண்டியாக ஆள் வரும். பானகத்துக்காகவே வருகிற கூட்டமும் அதில் உண்டு!

ஒச்சாயி உச்சிவேளையில் காட்டுக்குப் போய், தன் பெயரைச் சொல்லி ஒரு கூடை பறித்தாள். பானைக்கு அது காணாது. மறுபடியும் கை நீட்டினாள். கிளை விலகிக்கொண்டது.

"ஒச்சாயி, ஒம் பேருக்கு உள்ளது ஆயிருச்சு," என்றது செடி.

"இன்னும் ஒரு கூடை குடு தாயி. எம் மக பேரைச் சொல்றேன். மாயக்கா."

"அவ எங்க?"

"வீட்டுல இருக்கா. பரிசம் போடப்போற பொண்ணு காட்டுக்கு வரலாமா?"

காற்றே இல்லை, ஆனாலும் இலைகள் அசைந்தன. பிறகு செடி ஒச்சாயியின் குரலிலேயே, அவள் சொன்ன அதே தினுசில், "மாயக்கா" என்று சொல்லிப் பார்த்துக்கொண்டது. ஒச்சாயிக்கு உடம்பு சிலிர்த்தது. அப்போதே திரும்பியிருக்கலாம். சம்பந்திக்கு முன்னால் தலைகுனிய வேண்டுமே என்ற பயம் விடவில்லை. இரண்டாவது கூடையையும் நிரப்பினாள்.

கிளம்பும்போது, "ஒச்சாயி போறேன்" என்று தன் பெயரை வாங்கிக்கொண்டாள். அடுத்து, "மாயக்கா போறா" என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை. நல்லது நடக்கப் போகிற வேளையில் மகள் போகிறாள் என்று பெற்றவள் சொல்வாளா?

"மாயக்கா போயிட்டு வர்றா," என்று சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்தாள்.

"வரட்டும்," என்றது செடி.

பரிசம் குறையில்லாமல் நடந்தது. வந்தவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். கடைசியாக மாயக்காவும் ஒரு வாய் குடித்தாள். குடித்தவள் சட்டென்று தலையைத் திருப்பினாள்.

"ஏன்த்தா கூப்பிடுற?"

"நான் எங்கடி கூப்பிட்டேன்? ஒம் பக்கத்துலதான நிக்கிறேன்."

"இல்லத்தா, அங்கிட்டிருந்து கூப்பிடுற." அவள் காட்டுப் பக்கம் கையைக் காட்டினாள்.

ஒச்சாயி ஓடிப்போய்ப் பின்கதவைச் சாத்தினாள். மகளை உள்ளே உட்கார வைத்தாள். சம்பந்திகளை வண்டியேற்றிவிட்டுத் திரும்பினால் பின்கதவு திறந்து கிடந்தது, மாயக்காவைக் காணோம்.

"மாயக்கா! மாயக்கா!" என்று கத்திக்கொண்டே காட்டுக்கு ஓடினாள். அதுதான் வினையாகப் போயிற்று. அவள் கத்தக் கத்த, புதருக்குள்ளிருந்தும் அதே குரல் கத்தியது. எது ஆத்தா, எது செடி என்று பாவம் அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்? எந்தக் குரல் பக்கத்தில் கேட்டதோ அதை நோக்கிப் போனாள்.

ஒச்சாயி போய்ச் சேர்ந்தபோது மகள் இடுப்புவரை புதருக்குள் இருந்தாள். பரிசச் சேலையின் பச்சை எது, இலையின் பச்சை எது என்று தெரியவில்லை.

"மாயக்கா போறா! எம் மக போறா! விட்டுரு தாயி!" என்று ஒச்சாயி கதறினாள்.

"வருவான்னு சொன்ன, வந்துட்டா," என்றது செடி. "இனி போறேன்னு அவதான் சொல்லணும்."

"சொல்லுடி! போறேன்னு சொல்லுடி என் தங்கம்!"

மாயக்கா வாயைத் திறந்தாள். பேச்சு வரவில்லை. வெள்ளையாகப் பால்தான் வழிந்தது. இரண்டு கையாலும் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். பிடித்த பிடியிலேயே அந்த விரல்கள் பச்சையாகி, கூராகி, இரண்டிரண்டாக விறைத்துப்போயின. ஒச்சாயி அந்தப் பிடியைப் பிரிக்கவில்லை. அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். பெற்ற மனம் பித்து அல்லவா! பிறகு அவளையும் யாரும் ஊருக்குள் பார்க்கவில்லை. செடி மற்ற பேச்சையெல்லாம் மறந்துபோனது, அந்தத் தாயின் குரலில் கூப்பிடுவதைத் தவிர.

களாச்செடியில் முள் ஜோடி ஜோடியாக இருப்பதும், காயைக் கிள்ளினால் பால் வடிவதும் அன்று முதல்தான். சேலையை முள் பிடித்தால் வெடுக்கென்று இழுக்காமல், குழந்தையின் கையை எடுப்பதுபோல மெல்ல எடுத்துவிடுகிறார்கள். அன்று முதல்தான் களா பறிக்கப் போகிறவர்கள் ஒருவரையொருவர் பெயர் சொல்லி அழைப்பதில்லை, 'கூ' என்று குரல் கொடுப்பதோடு சரி. உச்சிவேளையில் புதருக்குள்ளிருந்து யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், அது பெற்ற தாயின் குரலாகவே இருந்தாலும், ஒருத்தியும் 'என்னம்மா' என்று கேட்பதில்லை.