மேற்கு ஜன்னலுக்கு ஒரு மே ஃபிளவர்

மரம் வேரோடு சாய்ந்து கிடந்தது. அந்த வேரைச் சுற்றி, மூன்று வருஷத்துக்கு முன்னால் கோமதிநாயகம் பிரிக்காமல் நட்ட கறுப்பு நாற்றுப் பை அப்படியே இருந்தது.

வெட்டி எடுக்கத்தான் அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். வேறு யாரும் இன்னும் பையைப் பார்க்கவில்லை. காலால் மண்ணைத் தள்ளி மூடினான். போதவில்லை. கையாலும் அள்ளிப் போட்டான்.

வீட்டுக்கார அம்மா சுலைகா பீவி வெளியே வந்தாள்.

"என் தப்புதான் தம்பி. ரொம்பத் தண்ணி விட்டுட்டேன். வேர் அழுகிட்டு போல."

அவன் பை இருந்த பக்கத்தை மறைத்து நின்றான்.

"விடிஞ்சதுலேருந்து இவுக என்கூடப் பேசல. படுத்த படுக்கையா கிடக்கிற மனுசன். அந்த மேற்கு ஜன்னல்தானே அவுகளுக்கு எல்லாம். இந்த வருசம்தான் முதப் பூவே பாத்தாக. நான் கெடுத்துட்டேன்."

நாளைக்கு வெட்டுகிறேன் என்று சொல்லிவிட்டு நாற்றுப் பண்ணைக்கு ஓடி வந்தான்.

பண்ணைக்காரி ஜெசிந்தா அவனைவிட ஆறு வயசு சின்னவள். லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அவளிடம் செடி வேலை பழக வந்த அன்றைக்கு, கிண்டலாக "டீச்சர்" என்று கூப்பிட்டான். ஒரே மாசத்தில் கிண்டல் போய்விட்டது. பேர் மட்டும் நிலைத்துவிட்டது.

"டீச்சர், மே ஃபிளவரே உதவாத மரம். நேத்து அடிச்ச காத்துக்கே விழுந்துட்டு. சட்டுனு வளரணும், நிழல் தரணும், பூக்கவும் செய்யணும், ஆனா விழக் கூடாது. அப்படி எது இருக்கு?"

"வேரைப் பாத்தீங்களா அண்ணே?"

"இல்ல."

"பாக்காமலா நகத்துல இம்புட்டு மண்ணு?"

கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். நாற்பத்திரண்டு வயசு ஆளு.

அவள் கன்று வரிசையைக் காட்டினாள்.

"நீங்களே எடுங்க."

இருந்ததிலேயே உயரமான கொன்றையைத் தூக்கி வந்தான். அவள் கத்தியால் பையை மேலிருந்து கீழ்வரை கிழித்தாள். உள்ளே வேர் போக்கிடம் இல்லாமல் கயிறு மாதிரி சுற்றிக் கிடந்தது. ஒவ்வொன்றாக விரலால் பிரித்தாள். பிரியாததை வெட்டினாள். பிறகு ஈரச் சாக்கில் சுற்றிவைத்தாள்.

"எவ்வளவு நேரம் ஆச்சு?"

"அரை மணி."

"அன்னிக்கு அந்த மரத்தை நட்டப்போ?"

அவனுக்கு முகம் எரிந்தது. "அன்னிக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருந்துச்சு டீச்சர். அடியில மட்டும் லேசா கீறிவிட்டேன்."

"அந்த அம்மாகிட்ட சொல்லியாச்சா?"

"அவுகளே தண்ணி விட்டதாலன்னு சொன்னாக... நான் ஒண்ணும் சொல்லல."

"கன்னு இங்க இருக்கட்டும். வெறுங்கையோட போங்க. ஜன்னல்கிட்ட நின்னு, ரெண்டு பேருக்கும் கேக்குற மாதிரி சொல்லுங்க. அப்புறம் வந்து கன்னை எடுத்துக்கோங்க."

"கன்னு கையில இருந்தா சொல்றதுக்குக் கொஞ்சம் லேசா இருக்குமே டீச்சர்?"

"அதான் வேண்டாங்கிறேன்."

அவள் மோட்டாரைப் போடப் போன நேரத்தில், அவன் கன்றைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

சுலைகா பீவி கன்றைப் பார்த்துவிட்டு அழுதேவிட்டாள். "உன் மனசு யாருக்கு வரும் தம்பி!"

ஜன்னல் திறந்துதான் இருந்தது. அவன் விழுந்த மரத்துக்குச் சற்றுத் தள்ளிக் குனிந்து குழி வெட்ட ஆரம்பித்தான்.