ஏட்டு கேட்ட அடி

தடையை மீறி உப்பு அள்ளிய நாற்பது பேர் கடற்கரை மணலில் அமர்ந்திருந்தார்கள். விசில் ஊதுவதற்குள் கலையாவிட்டால் மண்டைகள் உடையும் என்று வெள்ளைக்காரத் துரை அறிவித்துவிட்டார். தடி எடுக்க வேண்டிய போலீஸ்காரர்களுக்குத் தலைமை, ஏட்டு சுடலைக்கண்ணு.

தண்ணீர் குடித்து வருவதாகச் சொல்லிவிட்டு, அவர் பனந்தோப்புக்குள் விரைந்தார். அவருக்குச் சிலம்பம் கற்பித்த ஆசான் வன்னியப்பரின் குடிசை அங்கேதான் இருந்தது.

"வாரும் ஏட்டையா," என்றார் ஆசான். "பதினஞ்சு வருசமா இந்தப் பக்கம் தலையே காட்டல. சர்க்கார் தொப்பி வழிய மறைச்சிட்டோ?"

"கேலிக்கு நேரமில்ல ஆசானே. அடிக்கலேன்னா வேலை போயிரும். வீட்டுல அஞ்சு பிள்ளைய. அடிச்சா, அங்க உக்காந்திருக்கிறது பூரா நம்ம சனம். சத்தம் பெருசா கேக்கணும். எலும்பு முறியக் கூடாது. அப்படி ஓர் அடி இருக்கா?"

"இருக்கு."

ஆசான் கம்பை எடுத்தார். நுனி படாமல், முழு நீளமும் பதியும்படி, மணிக்கட்டைத் தளர்த்தி ஏட்டின் முதுகில் ஓர் அடி வைத்தார். பனையில் இருந்த காக்கைகள் பதறிப் பறந்தன. சுடலைக்கண்ணு முதுகைத் தடவிப் பார்த்தார். வலி இல்லை.

"துரை கண்டுபிடிச்சிர மாட்டாரே?"

"அவன் காதுக்கு இது போதும்."

"கும்பிடுதேன் ஆசானே. என் குடும்பம் பிழைச்சுது."

"கும்பிடு கிடக்கட்டும். என்னை அடிச்சுக் காட்டு."

கம்பை அவரிடம் கொடுத்துவிட்டு ஆசான் மணலில் சம்மணமிட்டு அமர்ந்தார். ஏட்டு மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கம்பை ஓங்கினார். ஓங்கிய கை அப்படியே நின்றது.

"அடிலே. ஏன் நிக்கே?"

"நீங்க கம்பு எடுக்கலியே."

"எடுக்க மாட்டேன்."

"எதிராளி கம்பு தூக்காம நாம முதல் அடி வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே பழக்கினீங்க? கை இறங்க மாட்டேங்குது ஆசானே."

"அந்த நாப்பது பேர்ல எத்தனை பேர் தூக்குவாங்க?"

ஏட்டு ஓங்கிய கம்பைத் தாழ்த்தினார்.

கடற்கரையில் விசில் ஒலித்தது. யாரோ அவர் பெயரைச் சொல்லி அதட்டிக் கூப்பிட்டார்கள்.

"ஆசானே, கூப்பிடுதாங்க. இப்ப நான் என்ன செய்யட்டும்? ஒரு வார்த்தை சொல்லுங்க!"

ஆசான் எழுந்தார். வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டார்.

"நீ கேட்ட அடியச் சொல்லிக் குடுத்துட்டேன். எதிராளிய நீதான் தேடிக்கணும்."