கோமதி உட்கார்ந்த இடம்

குன்னூரில் தெய்வசிகாமணி என்று ஒருவர் இருந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய குரு வடிவம்மை, அவரைவிட இருபது வயது இளையவர். அதில் ஊருக்குத்தான் சங்கடம், அவருக்கு இல்லை.

வெள்ளைக்காரன் காலத்து வீடு அது. வெந்நீர் ஓடும் இரும்பு ரேடியேட்டர்தான் அறைக்குச் சூடு. பூவும் கொடியும் வார்த்த பழைய இரும்பு. போன குளிரில் அது விரிசல் விட்டு ஒழுகிப்போனது. அதற்குள் மகள் பூங்கோதை தலைப்பிரசவத்துக்கு வரும் நாள் நெருங்கிவிட்டது. தாய்வீடு என்று நம்பி வருகிறாள். தாய் கோமதி இறந்து இரண்டு வருடம் ஆகிறது.

கடைக்காரர் இரண்டு மின்சார ரேடியேட்டர்களைக் கொண்டுவந்து வைத்து, "போட்டுப் பாத்துச் சொல்லுங்க" என்று போய்விட்டார். ஒன்று பழையதை உரித்து வைத்த மாதிரி, பூவும் கொடியுமாக. சூடு மட்டும் கொஞ்சம் சோம்பேறி. இன்னொன்று வெறும் வெள்ளைப் பலகை. பார்க்கச் சகிக்காது, ஆனால் அறையைச் சீக்கிரமே சூடாக்கிவிடும். தெய்வசிகாமணி சில நாள் இரண்டுக்கும் நடுவே நடந்து பார்த்தார். கடைசியில் குருவையே வீட்டுக்கு அழைத்துவந்தார்.

"எதை வாங்கட்டும், அம்மா?"

"உங்களுக்கு எது பிடிச்சிருக்கு?"

"பூப் போட்டதுதான். கோமதி பழசுக்கு முதுகைக் காட்டி உக்காந்து, காலை நீட்டி, பூங்கோதையைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டுவா. ரூம் முழுக்க சாம்பிராணிப் புகையா இருக்கும். இந்தப் பூவைப் பாத்தா அவளே உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு."

அந்தக் காலைநேரங்கள் திரும்ப வேண்டும் என்று அவருக்கு அவ்வளவு ஏக்கம்.

"பேரக்குழந்தையை யாரு குளிப்பாட்டுவா?"

"ஆள் தேடிப் பாத்துட்டேன். இந்தக் குளிர்ல மேல ஏறி வர யாரும் சம்மதிக்கல."

வடிவம்மை பூப்போட்டதன் சுவிட்சைப் போட்டார்.

"அவங்க உக்காந்த மாதிரி உக்காருங்க, ஐயா."

தெய்வசிகாமணி முழங்காலைப் பிடித்துக்கொண்டு, முனகிக்கொண்டே தரையில் உட்கார்ந்து காலை நீட்டினார். குரு தன் சால்வையைச் சுருட்டி அவர் கால்மேல் கிடத்தினார்.

"இதுதான் குழந்தை."

அவர் சிரித்தார். குரு சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் போனது.

"முதுகுக்குச் சூடு வருதா?"

"வர்ற மாதிரி இருக்கு... இல்லம்மா, வரல."

"பூ?"

"அது பின்னால இருக்கே. தெரியல."

"எதிர்ல என்ன தெரியுது?"

எதிரே அவருடைய பிரம்பு நாற்காலி இருந்தது. கோமதி குளிப்பாட்டும்போதெல்லாம் காபியும் கையுமாக அவர் வேடிக்கை பார்த்த நாற்காலி. இந்தப் பக்கத்திலிருந்து அதை அவர் பார்த்ததே இல்லை.

"என் நாற்காலி" என்றார். கண் நிறைந்துவிட்டது. "அவ இங்கேருந்து என்னைத்தான் பாத்துக்கிட்டிருந்தாளா?"

சால்வை காலிலிருந்து நழுவியது. தெய்வசிகாமணி பதறிப்போய் அதைப் பிடித்து, தலைப்பக்கத்தை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டார்.

"எதைத்தான் வாங்கட்டும், சொல்லுங்கம்மா."

"நாற்காலியில உக்காரப் போறீங்களா, தரையில உக்காரப் போறீங்களா?"