தவிட்டுக்குருவிகள் கூட்டம் சேர்ந்த கதை

அந்தக் காலத்தில் பறவைகள் பேசின. பேசியதோடு நில்லாமல் பள்ளிக்கூடத்துக்கும் போயின. ஏரிக்கரைப் புங்கமரம்தான் பள்ளிக்கூடம். நாரை வாத்தியார் கீழே தண்ணீரில் ஒற்றைக் காலில் நின்று பாடம் நடத்துவார். பாதிப் பாடத்தில் அவருக்குக் கண் சொக்கிவிடும்.

அப்போதெல்லாம் தவிட்டுக்குருவிகள் தனித்தனியாகவே வாழ்ந்தன. ஆளுக்கொரு புதர், ஆளுக்கொரு கிளை. வகுப்பில் ஏழு தவிட்டுக்குருவிகள் இருந்தும் ஒருத்தியோடு ஒருத்தி பேசியதில்லை.

அந்த ஏழு பேரில் சின்னவள் செவந்தி. அவளைக் கண்டால் கருவாயன் என்ற காக்கைக்குக் கொண்டாட்டம்.

"ஏ தவிட்டு மூட்டை! அது என்ன குரலா, எண்ணெய் போடாத கிணத்து ராட்டினமா?"

வாத்தியார் கண் சொக்கியதும் அவள் கொண்டுவந்த புழுவைப் பிடுங்கித் தின்பான். வாலைப் பிடித்து இழுப்பான். மரமே சிரிக்கும். சிரிக்காவிட்டால் அடுத்தது தன் வால்தான் என்று எல்லோருக்கும் பயம்.

ஒருநாள் மூன்று வாலிறகுகளைப் பிடுங்கியே விட்டான். மறுநாள் செவந்தி வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

காலியாகக் கிடந்த அவள் கிளையையே எதிர்க்கிளையிலிருந்து அல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். அல்லியும் தவிட்டுக்குருவிதான், மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தவள்தான். பள்ளி விட்டதும் புதர் புதராகத் தேடிப் போனாள். ஒரு காரைப் புதருக்குள் செவந்தி இறகைச் சுருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இங்கேயும் சிரிக்க வந்தியா?"

"மன்னிப்புக் கேக்க வந்தேன். பயத்துல சிரிச்சிட்டேன். அப்புறம் ஒரு புழுகூட உள்ளே இறங்கல."

"நான் இனிமே பள்ளிக்கூடம் வரமாட்டேன்."

"வா. நாளைக்கு நான் உன் பக்கத்துல உக்கார்றேன்."

"உன்னையும் கொத்துவான்டி!"

"கொத்தட்டும். அப்புறம் ரெண்டு பேரும் சேர்ந்து அவனைத் திட்டலாம். தனியா உக்காந்து திட்டினா நல்லாவா இருக்கும்?"

செவந்திக்குத் தன்னையறியாமல் சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் இருவரும் தோள் உரச ஒரே கிளையில் உட்கார்ந்தார்கள். வாத்தியார் கண் சொக்கியதும் கருவாயன் வந்து இறங்கினான்.

"நகரு அல்லி. எனக்கு அவகிட்டதான் வேலை."

அல்லி கிளையை இறுகப் பற்றிக்கொண்டாள். "நகர மாட்டேன்."

நறுக்கென்று அவள் தலையில் ஒரு கொத்து விழுந்தது.

"விடு! விடு! விடு!" என்று அல்லி தொண்டை கிழியக் கத்தினாள். செவந்தியும் சேர்ந்துகொண்டாள். மேல்கிளையில் தனியாக இருந்த ஒருத்தி, இத்தனை நாள் அடக்கிவைத்ததையெல்லாம் சேர்த்துக் கத்தியபடி வந்து அவர்களை ஒட்டி உட்கார்ந்தாள். பின்னாலேயே இன்னொருத்தி. பிறகு மற்ற மூவரும்.

ஏழு பேரும் போட்ட கூச்சலில் வாத்தியார் பதறி விழித்து, தொப்பென்று தண்ணீரில் விழுந்தார்.

"என்னடா நடக்குது மேலே?"

கருவாயன் சுற்றிலும் பார்த்தான். இத்தனை நாள் கூடச் சிரித்தவர்களில் ஒருவர்கூட அவன் பக்கம் இல்லை.

"சும்மா விளையாட்டுக்கு, வாத்தியாரே..."

"விளையாட்டுன்னா நானும்தானே சிரிச்சிருக்கணும்?" என்றாள் செவந்தி.

சொட்டச் சொட்ட நனைந்திருந்த வாத்தியார் அவனைத் தமக்கு எதிரிலேயே உட்கார வைத்தார். தாமும் அதற்குப் பிறகு கண்ணை மூடவில்லை.

நான்கு நாள் கழித்துக் கருவாயன் கொழுத்த புழு ஒன்றைக் கொண்டுவந்து ஏழு பேர் கிளையில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்தபடி விலகிப் போனான். செவந்தி அவனைக் கூப்பிட்டாள்.

"நில்லு. உனக்கும் ஒரு துண்டு இருக்கு."

அந்த நாள் தொட்டுத்தான் தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகச் சேர்ந்தே திரிகின்றன, ஒரே கிளையில் ஒட்டி உட்காருகின்றன. ஒன்றை யாராவது சீண்டிவிட்டால் போதும், அத்தனையும் கூடிக் கத்தி ஊரையே கூட்டிவிடுகின்றன.