அரசன் முகம் தைத்த அணையாடை

ஊருக்கு ஒரு ராசாவும், ராசாவுக்கு ஊர்ப்பட்ட பட்டப்பெயர்களும் இருந்த காலத்தில் நடந்தது இது. கேளுங்கள்.

செங்கழனி நாட்டைக் கீர்த்திவளவன் என்ற அரசன் ஆண்டுவந்தான். அவனுக்குப் புகழ் என்றால் உயிர். கண் விழித்தால் புலவர் புகழவேண்டும், குளித்தால் புகழவேண்டும், தும்மினாலும் புகழவேண்டும்.

ஓர் ஐப்பசியில் ஆறு கரையுடைத்து, குயவர் வீடுகளை அடித்துக்கொண்டு போயிற்று. தப்பியவர்கள் மேட்டில் ஓலைக் குடிசை போட்டார்கள். மார்கழி வந்தது. போர்த்திக்கொள்ளத் துணியில்லை. பிள்ளைகள் வைக்கோலுக்குள் நடுங்கினார்கள்.

ஊர்ப் பெண்கள் கோயில் மண்டபத்தில் கூடினார்கள். பழஞ்சேலைகளை அடுக்கிப் போர்வை தைத்தார்கள். அவர்களுக்குத் தலைவி ஆவுடையாள். அவளுக்கு ஊசியைவிட நாக்கு கூர்மை. எல்லாரும் வம்பு பேசிக்கொண்டே தைத்தார்கள். வம்பு வளர வளரப் போர்வையும் வளர்ந்தது.

ஊரே அவர்களை வாழ்த்தியது. அரசனுக்குத்தான் பொறுக்கவில்லை.

ஒரு காவலனை அனுப்பினான். போர்வை தோறும் அரசர் பெயர் இருக்கவேண்டும் என்றான் காவலன். தைத்தார்கள்.

மறுபடியும் அனுப்பினான். பட்டங்களும் வேண்டுமாம். தைத்தார்கள். போர்வை முடிந்தும் பட்டங்கள் முடியவில்லை; மடக்கி மடக்கித் தைக்கவேண்டியதாயிற்று.

மூன்றாம் முறையும் அனுப்பினான். அரசர் திருமுகம் இல்லாமல் எந்தத் துணியும் மண்டபத்தை விட்டுப் போகக்கூடாதாம். அதுவும் மீசையோடு.

மீசையோ பெரிய மீசை. ஊரிலிருந்த கறுப்பு நூலையெல்லாம் அதுவே தின்றது. வாசலில் காவலன் நின்று மீசையை அளந்து பார்த்தான். குறைந்தால் பிரித்துத் தைக்கச் சொன்னான். போர்வைகள் மண்டபத்திலேயே கிடந்தன.

மேட்டில் குயத்தி வெள்ளையம்மாளின் மூத்த பிள்ளைக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. செய்தி வந்தபோது மண்டபத்தில் வம்பு நின்றுபோயிற்று. ஆவுடையாள் ஊசியைச் சேலையில் குத்திக்கொண்டு எழுந்தாள். நேரே அரண்மனைக்குப் போனாள்.

"மகாராசா, கைக்குழந்தைகளுக்கு அணையாடையும் தைக்கிறோம். அதிலும் திருமுகம் வேண்டுமா?" என்று பணிவாகக் கேட்டாள்.

அரண்மனையில் பிள்ளை வளர்ப்பது தாதிகள் பாடு. அணையாடை என்பது குழந்தையின் ஈரம் தாங்க அடியில் விரிக்கும் துணி என்று அரசனுக்குத் தெரியாது.

"அதில்தான் முதலில் வேண்டும். பிறந்த குழந்தையும் நம் முகத்தில் விழிக்கட்டும்" என்றான்.

அமைச்சர்களுக்குத் தெரியும். அவர்கள் கூரையைப் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் அணையாடையை அரசரே தம் கையால் வழங்கவேண்டும் என்று ஆவுடையாள் கேட்டுக்கொண்டாள். அரசன் பூரித்துப்போனான். மறுநாள் முரசும் புலவருமாக மேட்டுக்குப் போனான். திருமுகம் மேலே தெரியும்படி அணையாடையை அவனே விரித்தான். வெள்ளையம்மாள் தன் கைக்குழந்தையை அதன்மேல் கிடத்தினாள்.

குழந்தை அரசனைப் பார்த்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே மீசையை நனைத்தது.

"பன்னீர் அபிடேகம்" என்றார் புலவர்.

குழந்தை அடுத்த காரியத்தையும் முடித்தது. அதற்குப் புலவரிடம் உவமை இல்லை.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட அரசனுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

"தெரிந்தேதான் செய்தாயா?" என்று, கூடையோடு கூட வந்திருந்த ஆவுடையாளைக் கேட்டான்.

ஆவுடையாள் கும்பிட்டாள். நாக்கு நடுங்கவில்லை.

"கட்டளைப்படி செய்தேன், மகாராசா. கூடை நிறைய இன்னும் இருக்கின்றன. இன்றே கொடுத்துவிடலாமா?"

அவள் தலையை வாங்க அரசனுக்கு ஒரு சொல் போதும். ஆனால் என்ன குற்றம் என்று முரசறைந்து சொல்லவேண்டுமே! நாடு முழுவதும் அதைக் கேட்குமே! அரசன் யோசித்தான். இனி எந்தத் துணியிலும் முகம் வேண்டாம், பட்டம் வேண்டாம், பெயரும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறித் திரையை இழுத்துக்கொண்டான்.

அன்று மாலையே போர்வைகள் வண்டி வண்டியாக மேட்டுக்குப் போயின. வெள்ளையம்மாளின் மூத்த பிள்ளை போர்வைக்குள் வியர்த்து, காய்ச்சல் விட்டு, கஞ்சி கேட்டான்.

கதை கேட்டவர்களே, நீதி இதுதான்: பிறர் செய்யும் தருமத்தில் தன் முகத்தை ஒட்டிக்கொள்கிறவன், அந்த முகத்தில் எது விழுந்தாலும் துடைத்துக்கொள்ளத்தான் வேண்டும்.