களத்தில் காணாமல் போன நிழல்

பொழுது சாயும்போது நெற்களம் பொன்னில் மிதக்கும். வைக்கோல் தூசிகூடக் கனவில் வருவதுபோல மெல்ல இறங்கும். அந்த நேரம் பார்த்துத்தான் மிராசுதார் மகன் துரைச்சிங்கம் களத்து நடுவில் வந்து நிற்பான்.

“என் நிழலை எவன் மிதிக்கிறானோ, அவன் என்னை உப்புமூட்டை தூக்கிக் களத்தைச் சுத்தணும்!”

சாயங்கால நிழல் பனைமரமாட்டம் நீண்டு கிடந்தால் மிதிக்காமல் யார் நடப்பது? ஆனால் தினமும் மாட்டுவது ஒல்லிப்பிச்சான் வேம்பன்தான். மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்காவிட்டால் அடுத்தது தாங்கள்தான் என்ற பயம்.

அன்று வேம்பன் முதுகைக் குனித்தபோது அவன் முழங்கால் நடுங்கியதை வாத்து மேய்க்கும் சடைச்சி பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. துரைச்சிங்கத்துக்குப் பின்னால் போய்ச் சூரியனை மறைத்து நின்றாள். “வாங்களேன்” என்று மற்றவர்களைக் கூப்பிட்டாள். ஒருத்தி தயங்கித் தயங்கி வந்தாள். பிறகு எல்லாருமே வந்து தோளோடு தோள் ஒட்டி நின்றார்கள்.

“ஏய், என்னடி பண்றே?”

“உங்க நிழலைக் காணோம் சின்னய்யா. தேடுறோம்.”

துரைச்சிங்கம் குனிந்து பார்த்தான். பிள்ளைகளின் நிழல் ஆறுபோல அவனைக் கடந்து ஓடியது. அவன் நிழல் அதில் கரைந்துபோயிருந்தது. ஓரடி நகர்ந்தான். வரிசையும் நகர்ந்தது.

“இப்ப நீங்க எங்க நிழலை மிதிச்சுட்டு நிக்கிறீங்க” என்றாள் சடைச்சி. “சட்டம் உங்களதுதான். முதல்ல வேம்பனைத் தூக்குங்க.”

வேம்பன் நிமிர்ந்தான். “விடு சடைச்சி. பாதிச் சுத்துலயே முழங்கால் விட்டுப்போகும். பாவம், அவருக்குப் பழக்கமில்ல.”

துரைச்சிங்கம் வீடு நோக்கி நடந்தான். அந்தப் ‘பாவம்’ என்ற சொல்லைச் சுமப்பதற்குப் பதில் அவன் வேம்பனையே சுமந்திருக்கலாம்.